சுந்தரவனம்: சேற்றில் இறங்கியவர்களும் காரில் வருபவர்களும்

சுந்தரவனத்துக்குப் போக வேண்டுமென்றால் அன்று முதலில் கழற்ற வேண்டியிருந்தது செருப்பைத்தான். கொல்கத்தாவின் சியால்தாவில் உள்ளூர் ரயில் ஏறிக் கேனிங்கில் இறங்கினால் எதிரே மாத்லா ஆறு. நீர் ஏறியிருக்கும் நேரமென்றால் படகு கரையோரம் நிற்கும். வற்றிவிட்டால் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் நடந்துபோய்த்தான் ஏற வேண்டும். அக்கரையில் வண்டி பிடித்து, இன்னோர் ஆற்றையும் கடந்து கோசாபா தீவைத் தொடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

2011-ல் மாத்லாவின்மேல் பாலம் திறந்தார்கள். இன்று கொல்கத்தாவில் காலையில் காரில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குக் கோட்காலி படகுத்துறையில் இருக்கலாம். சேறு போனதற்காக ஏங்கும் பயணக் கட்டுரைகள் உண்டு. எனக்கு அந்த ஏக்கம் இல்லை. அந்தச் சேற்றில் நோயாளிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் இறங்கி நடந்தார்கள்.

படகும் மாறிவிட்டது. அன்று திட்டம் போடுவது குடிநீரிலிருந்து தொடங்கியது. சுற்றிலும் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரைப் பீப்பாயில் நிரப்பி ஏற்றாமல் யாரும் புறப்பட மாட்டார்கள். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் கரையிலேயே வாங்கியாக வேண்டும். ‘பட்பட்’ என்ற ஓசையாலேயே ‘பட்பட்டி’ என்று பெயர் பெற்ற மோட்டார் படகுகள் பின்னால் வந்தன. இப்போது மேல்தளத்தில் நாற்காலி, கீழே படுக்கை, கழிவறை, சமையலறை. பணம் கூடக் கொடுத்தால் ஏ.சி.யும் உண்டு. இரண்டு இரவு, மூன்று பகல், மீன் குழம்புடன் சேர்த்து ஒரே தொகை. ஆவணியில் ‘இலிஷ்’ மீன் திருவிழா என்றே தனிப் பயணம் நடத்துகிறார்கள். ஒலிபெருக்கி கட்டிய படகில் காட்டுக்குள் போவதற்கு ஊரிலேயே கல்யாண மண்டபம் பிடித்துக்கொள்ளலாம்.

மாறாதது ஓதம். இந்தியாவிலும் வங்கதேசத்திலுமாகச் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரந்த இந்த அலையாத்திக் காட்டுக்குள் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி, இரண்டு முறை இறங்குகிறது. அந்த நேரமும் ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். நீர் ஏறிய நேரத்தில் குறுகிய ஓடைகளுக்குள் படகு நுழையும். கெங்வா மரக் கிளைகள் மேல்தளத்தை உரசும். பிச்சாவரத்தில் நாம் பார்க்கும் தில்லை மரம்தான் அது. ஆனால் அப்போது கரையே தெரியாது, விலங்கும் தெரியாது. வற்றிய பிறகுதான் சேற்றுக் கரை வெளியே வரும். முதலை வெயில் காயும், புள்ளிமான் இறங்கும், கொக்கும் உள்ளானும் மேயும். புலி நடந்திருந்தால் தடம் அச்சாகக் கிடக்கும். பழைய படகோட்டிகள் இந்த ஓதத்தைப் பார்த்துத்தான் கிளம்பும் நேரத்தைச் சொன்னார்கள். இன்றைய பயண அட்டவணையிலோ காலை எட்டு மணி என்றால் எந்த நாளும் எட்டு மணிதான்.

காட்டுக்கும் மனிதருக்குமான கணக்கும் வேறாகிவிட்டது. ஆங்கிலேயர் காலத்தில் இது வெட்டித் திருத்தி வரி வாங்க வேண்டிய நிலம். புலி சுட்டுக் கொல்ல வேண்டிய மிருகம். 1973-ல் புலிகள் காப்பகம் ஆனது, 1984-ல் தேசியப் பூங்கா, 1987-ல் யுனெஸ்கோ பட்டியல். தேனெடுப்போர் 1980களில் தலையின் பின்பக்கம் முகமூடி கட்டிப் பார்த்தார்கள். புலி பின்னாலிருந்துதான் பாயும் என்பதால். பிறகு ஊர்களைப் பார்த்த காட்டு ஓரங்களில் நைலான் வலை கட்டினார்கள். ஊருக்குள் புலி வருவது குறைந்தது. இந்தியப் பகுதியில் 2018-ல் 88 என்று கணக்கிட்ட புலிகள், 2022 கணக்கில் நூறை ஒட்டி வந்தன. அத்தனை பெரிய காட்டில், ஹெந்தால் ஈச்சம்புதருக்குள் நிற்கும் நூறு புலிகளில் ஒன்று உங்கள் படகுக்காக வெளியே வர வேண்டும். புலி உறுதி என்று விளம்பரம் செய்பவரிடம் போகாதீர்கள்.

2009-ல் அய்லா புயல் கரைகளை உடைத்து வயலில் உப்பைக் கொட்டியது, 2020-ல் அம்பன். தீவுகளின் இளைஞர்கள் பலர் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கூலி வேலைக்கு வந்தார்கள். படகில் உங்களுக்குச் சோறு போடுபவர் சென்னை வெயிலை அறிந்தவராக இருந்தால் வியக்க வேண்டாம். ஊரில் தங்கியவர்களுக்குச் சுற்றுலா ஒரு பிழைப்பு. ஆகவே படகும் விடுதியும் தீவுக்காரர்களுடையதா என்று விசாரிப்பது நல்லது.

கார்த்திகை முதல் மாசி வரை போகலாம். அடையாள அட்டை கட்டாயம். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் படகு உள்ளே போகாது. சஜ்னேகாலி, சுதன்யகாலி, தோபாங்கி போன்ற காவல்கோபுரங்கள் தவிர எங்கும் இறங்க முடியாது. இருட்டுவதற்குள் காட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும். சஜ்னேகாலியில் வனதேவதை பொன்பீபியின் கோயில் இருக்கிறது. காட்டுக்குள் போகும் இந்துவும் முஸ்லிமும் அன்றுபோல் இன்றும் அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: நாங்கள் வரும் நாளில் நீர் வற்றுவது எத்தனை மணிக்கு? அதற்குப் பதில் தெரிந்தவரிடம் படகைப் பேசுங்கள்.