தேன்நிலவுத் தீவில் கருமுத்து வாங்குதல்

நம் சங்க அங்கத்தினர் ஒருவரின் புதல்வர் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பணிபுரிகின்றார். அண்மையில் மணம் முடித்த அவர், தேன்நிலவுக்காக மனைவியுடன் குக் தீவுகளைச் சேர்ந்த ராரோடோங்காவுக்குச் செல்லவிருக்கின்றார். அங்கு விளையும் கருமுத்தை ஏமாறாமல் வாங்குவது எங்ஙனம் என்று தந்தையார் நம்மை வினவினார். நெசவுக்கும் வேளாண்மைக்கும் உரிய இவ்விதழில் முத்து எதற்கு என்று அன்பர்கள் எண்ணலாம். அங்கே முத்து ஒரு பயிர். அதனை விளைவிப்போர் நம்மைப் போன்ற குடும்பத்தார். ஆகவே விடையை இங்கேயே எழுதுகின்றோம்.

முத்து என்றவுடன் தூத்துக்குடிக் கடலில் மூழ்கி எடுத்த இயற்கை முத்தே நம் நினைவுக்கு வரும். குக் தீவுகளின் கருமுத்து அவ்வாறன்று. ராரோடோங்காவுக்கு வடக்கே சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவில் மனிஹிகி என்னும் பவளத்தீவு உள்ளது. அதன் நடுவிலுள்ள காயலில் கயிறு கட்டிச் சிப்பிக் குஞ்சுகளைப் பிடித்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வளர்க்கின்றனர். பின்னர்த் தேர்ந்த கைவினைஞர் சிப்பியைச் சிறிதே திறந்து, அமெரிக்க ஆற்றுச் சிப்பியின் ஓட்டில் கடைந்த மணி ஒன்றையும், வேறொரு கருஞ்சிப்பியின் தசைத் துணுக்கையும் உள்ளே வைக்கின்றார். அம்மணியின்மீது படலம் படலமாக முத்துப் பூச்சு படிய ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும். சில சிப்பிகள் மாண்டுபோகும். சில மணியை உமிழ்ந்துவிடும். எஞ்சியவற்றிலும் குறையற்ற உருண்டை முத்து சிலவே.

இப்பயிருக்கும் இடர்கள் உண்டு. 1997 நவம்பரில் மார்ட்டின் என்னும் புயல் மனிஹிகியைத் தாக்கிப் பல உயிர்களைக் கொண்டு சென்றது. மக்கள் மீண்டும் கயிறு கட்டினர். ஆனால் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் சிப்பிகளிடையே நோய் பரவிற்று. காயலில் அளவுக்கு மிஞ்சிச் சிப்பிகள் தொங்கியதும், நீரோட்டம் குன்றியதும் அதற்குத் துணை நின்றன. ஒவ்வொருவரும் தமக்கெனச் சில கயிறுகள் கூடுதலாகக் கட்டினர். காயலோ அனைவருக்கும் ஒன்றே. சில ஆண்டுகளில் ஏற்றுமதி முன்னிருந்ததில் சிறு பகுதியாகச் சுருங்கியது. ஒரே ஏரி நீரைப் பகிர்ந்து கொள்ளும் நம் விவசாய அங்கத்தினருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இனி வாங்கும் முறையைக் கூறுவோம்.

முதலாவது, ஒளி. முத்தைச் சாளரத்தருகே பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முகத்தின் நிழல் அதில் தெளிவாகத் தெரிந்தால் பூச்சு நன்று. சுண்ணாம்பு போல் மங்கித் தெரிந்தால் அதனைத் தவிர்ப்பது நலம்.

இரண்டாவது, நிறம். கருமுத்து என்பது பெயரளவே. பசுமை, வெள்ளிச் சாம்பல், மயிற்கழுத்து நிறம் எனப் பல சாயல்கள் இயல்பாகவே உண்டு. ஒரு சரத்தில் எல்லா முத்துக்களும் ஒரே கறுப்பாக இருந்து, விலையும் மிக மலிவாயின், அவை சாயம் தோய்த்த நன்னீர் முத்துக்களாக இருக்கலாம். துளையின் ஓரத்தை உருப்பெருக்கியால் நோக்கினால் சாயம் அங்கே திரண்டு நிற்பது தெரியும்.

மூன்றாவது, உரசிப் பார்த்தல். இரு முத்துக்களை மெல்ல உரசினால் நுண்மணல் போன்ற நறநறப்புத் தோன்றும். கண்ணாடிப் போலி வழுக்கும். ஆயினும் சாயமேற்றிய முத்தும் நறநறக்குமாதலால், இச்சோதனை ஒன்றையே நம்புதல் கூடாது.

நான்காவது, வடிவம். உருண்டைக்கே விலை மிகுதி. வளையம் விழுந்த முத்தும், ஒழுங்கற்ற வடிவினதும் அதே காயலில் அதே உழைப்பில் விளைந்தவையே. விலையோ மிகக் குறைவு. சிறு சம்பளக்காரர் ஒளிமிக்க வளைய முத்து ஒன்றைத் துணிந்து வாங்கலாம்.

ஐந்தாவது, ரசீது. எத்தீவில் விளைந்தது, வளர்ப்பு முத்தா, சாயம் ஏற்றப்படாததா என்பவற்றை ரசீதில் எழுதித் தருமாறு கேட்க வேண்டும். தீவில் விற்பதெல்லாம் தீவில் விளைந்ததன்று. எழுதித் தரத் தயங்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குச் செல்வதே முறை.

வாங்கிய பின், வாசனைத் தைலம் பூசி உலர்ந்த பிறகே அணிதல் வேண்டும். கழற்றியதும் மென்துணியால் வியர்வையைத் துடைத்து வைக்க வேண்டும்.

விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பவரால் நம் நெசவாளர் அடையும் நட்டத்தை நாம் நாள்தோறும் காண்கின்றோம். சாயமுத்தை மனிஹிகி முத்து என்று விற்றால், கயிறு கட்டி நாலாண்டு காத்திருந்த குடும்பத்துக்கும் அந்நட்டமே நேர்கின்றது. "எங்கு விளைந்தது?" என்று கேட்டு வாங்குபவர் தம் பணத்தையும் காக்கின்றார், விளைவித்தவர் கூலியையும் காக்கின்றார். அப்புதல்வருக்கு இதனையே எழுதியிருக்கின்றோம். தம்பதியர் நீடூழி வாழ்க!