முதுகு வலிக்குக் கைச் சிகிச்சை: 'கைரோபிராக்டிக்' என்றால் என்ன?

மின்சார ரயிலில் ஒரு மணி நேரம் நின்றபடி பயணம்; அதன்பின் எட்டு மணி நேரம் நாற்காலி. இல்லையேல் நாள் முழுவதும் மூட்டை தூக்கும் வேலை. ஊரை விட்டு வந்து உழைக்கும் நம்மவர்களில் இடுப்பு வலியை அறியாதவர் குறைவு. ஊரில் என்றால் சுளுக்கு நீவி விடுகிறவரைத் தேடிப் போவோம். பெருநகரங்களிலோ 'கைரோபிராக்டிக்' என்ற பெயர்ப் பலகைகள் தென்படுகின்றன.

'கையால் செய்வது' என்பதே இந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். 1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் இதைத் தொடங்கினார். ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தியதும் அவருக்குக் காது கேட்டது என்றார் பால்மர். பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்புப் பிசகே காரணம் என்பது அவர் கொள்கை.

அக்கொள்கையை இன்றைய மருத்துவ அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் சாதாரண இடுப்பு வலிக்குக் கைச் சிகிச்சை பயன்படலாம் என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்கிறது. நாட்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டியில் உடற்பயிற்சியோடு இதுவும் இடம்பெற்றுள்ளது. ஆஸ்துமா, நீரிழிவு எல்லாம் தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சிகிச்சையாளர் முதலில் விசாரித்து, உடலைப் பரிசோதிப்பார். பிறகு மேசையில் படுக்க வைத்து, மூட்டைச் சட்டென்று சிறிதளவு தள்ளுவார். அப்போது கேட்கும் 'சொடக்' ஒலி எலும்பு முறியும் ஒலி அல்ல. மூட்டு நீரில் வாயுக்குமிழி உண்டாகும் ஒலி. இதற்கு அஞ்சுவோருக்கு மென்மையான முறைகளும் உண்டு. மெதுவாக இழுத்து நீட்டுவது, விரலால் இலேசாக அழுத்துவது, சிறு வில்விசைக் கருவியால் தட்டுவது ஆகியவை அவற்றில் சில.

கழுத்து விஷயத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. வேகமாகத் திருப்பும்போது மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் ஏற்படலாம். இது அபூர்வமே, ஆனால் நேர்ந்தால் பெரும் ஆபத்து. முடிதிருத்தும் கடைகளில் கழுத்தைச் சொடுக்கி விடும் வழக்கம் அறவே வேண்டாம்.

கால் வலுவிழத்தல், தொடையிடுக்கு மரத்துப் போதல், சிறுநீர் அடைபடுதல் அல்லது தன்னறியாது கழிதல் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலியோடு காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், விழுந்து அடிபடுதல் ஆகியவை இருந்தாலும் முதலில் டாக்டரிடம்தான் செல்ல வேண்டும். எலும்பு தேய்ந்த முதியவர்களும், புற்றுநோய் கண்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் முதுகில் கை வைக்க விடக் கூடாது.

சிகிச்சையாளர் எங்கே, எத்தனை ஆண்டு படித்தார் என்று கேட்கத் தயங்காதீர்கள். பல மாதச் சிகிச்சைக்கு மொத்தமாக முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சில தடவைகளில் குணம் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். வலி என்று படுத்தே கிடக்காமல், முடிந்த அளவு நடந்து, அன்றாட வேலைகளைச் செய்து வாருங்கள். அதற்குக் காசு செலவில்லை.