முதல்ல பாத்ரூம் கதவை அளந்து பாருங்க!

பக்கவாதம் வந்த அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றீங்க. புது வீல்சேரும் வாங்கியாச்சு. ஹால் வரைக்கும் ஜம்முனு உருண்டு வருது. பாத்ரூம் வாசல்ல 'டக்'குனு நின்னுடுது. இனி ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேர் தூக்கணும். யார் கையையும் எதிர்பார்க்காம வாழ்ந்த மனுஷன், மகன் ஆபீஸ்லேருந்து வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருப்பார். இதுக்குப் பயந்தே தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுக்கிறவங்களும் உண்டு.

வீட்டை மாத்தணும்னதும் முதலில் தோணுறது வாசல் சாய்தளம். தேவைதான். ஆனால், வாசலை எப்பவாவதுதான் தாண்டணும். பாத்ரூமுக்கு தினமும் பல தடவை போகணும். அதனால அங்கிருந்து ஆரம்பிங்க.

சாதாரண வீல்சேரின் அகலம் 24 முதல் 27 அங்குலம். நம்ம வீடுகளில் பாத்ரூம் கதவு பெரும்பாலும் இரண்டரை அடி. நிலைக்கட்டையும் கதவின் கனமும் போக, வழி 25 அங்குலத்தை ஒட்டித்தான் மிஞ்சும். தடையற்ற கட்டடங்களுக்கான விதிகள் கேட்பது 90 செ.மீ., அதாவது 3 அடி. நிலையை மாற்ற முடிஞ்சா மாத்திடுங்க. கதவு வெளிப்பக்கம் திறக்கணும், இல்லைன்னா ஸ்லைடிங்கா இருக்கணும். உள்ளே ஒருத்தர் விழுந்துட்டா, உள்பக்கம் திறக்கிற கதவை அவர் உடம்பே தடுத்துடும். வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி தாழ்ப்பாள் போடுங்க.

அடுத்தது கைப்பிடி. டவல் மாட்டுற கம்பியைப் பிடிச்சு எழுந்திருக்கிறது ஆபத்து. சுவரில் ஒட்டுற சக்‌ஷன் கைப்பிடியும் முழு எடையைத் தாங்கும்னு நம்பாதீங்க. செங்கல் சுவரில் துளையிட்டு, போல்ட் போட்டு முடுக்கினதுதான் நிற்கும். வெஸ்டர்ன் டாய்லெட், கட்டில் ரெண்டும் வீல்சேர் சீட் உயரத்துக்கே இருந்தா, நகர்ந்து மாறி உட்கார்றது சுலபம். ஸ்விட்ச், கண்ணாடியெல்லாம் உட்கார்ந்த நிலைக்கு இறங்கணும்.

வாடகை வீடா? ஓனர் சுவரில் ஆணிகூட அடிக்க விடமாட்டார்னா, சக்கரம் வெச்ச கமோடு நாற்காலி கைகொடுக்கும்.

இப்போ சாய்தளம். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. மூணு படி, ஒன்றரை அடி உயரம்னா 18 அடி! தெருவை ஒட்டின வீட்டில் எங்கே போறது? பக்கவாட்டில் திருப்பிக் கட்டலாம். அதுக்காக இடத்துக்குத் தகுந்த மாதிரி செங்குத்தா கட்டிடாதீங்க. இறங்கும்போது வண்டி கையை மீறி ஓடிடும். வழவழன்னு கிரானைட்டும் வேண்டாம், மழை நாள்ல வழுக்கும்.

கொத்தனாரைக் கூப்பிடுறதுக்கு முன்னால ஒண்ணு செய்யுங்க. வீல்சேரிலேயே உட்கார்ந்து, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் நீங்களே ஒரு தடவை உருட்டிப் பாருங்க. எங்கெல்லாம் இடிக்குதோ, அங்கெல்லாம் சாக்பீஸால ஒரு கோடு. கோடு போட்டதும் அப்பாகிட்ட காட்டி, வேற எங்கே கஷ்டமா இருக்குன்னு கேளுங்க.