ஒவ்வொரு முறையும் புதிதாக விழிக்கும் விக்கிப்பீடியா

கடலூரில் ஒரு மாணவி கைபேசியில் தமிழ் விக்கிப்பீடியாவின் ‘சிதம்பரம்’ பக்கத்தைத் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 45 கிலோமீட்டர்தான். அவளது கோரிக்கையோ முதலில் சிங்கப்பூருக்குப் போகிறது. ஆசிய வாசகர்களுக்காக, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2018இல் அங்கே ஒரு மையத்தை இயக்கத் தொடங்கியது.

புறப்படும்போதே ஊர்ப்பெயர் உருமாறிவிடுகிறது. நம் கணக்கில் சிதம்பரத்துக்கு ஆறு எழுத்து. யூனிகோடு முறையில் ‘சி’யின் கொக்கியும் இரண்டு ‘ம்’களின் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் 3 பைட் இடம் வேண்டும். இணைய முகவரிக்குள் ஒரு பைட்டை எழுத 3 குறிகள் தேவை. ஆக, ஆறெழுத்து ஊர் 81 குறிகளாக நீண்டு பயணப்படுகிறது. தமிழ் விக்கிப்பீடியா இணைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது புரியாத சரம் ஒன்று நீளமாக வந்து விழுவது இதனால்தான்.

சிங்கப்பூர்க் கணினி முதலில் தன் நினைவைத் துழாவிப் பார்க்கும். சற்று முன் வேறொருவர் இதே பக்கத்தைக் கேட்டிருந்தால் அதன் நகல் அங்கேயே இருக்கும், எடுத்துக் கொடுத்துவிடும். இதற்குக் கேஷ் என்று பெயர். விக்கிப்பீடியாவைப் படிக்க வருபவர்களில் பெரும்பாலோருக்கு வேலை இந்த வாசலிலேயே முடிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் மூல மென்பொருளுக்கு அவர்கள் வந்துபோனதே தெரியாது.

நகல் இல்லாவிட்டால், அல்லது வந்தவர் தன் கணக்கில் உள்நுழைந்தவராக இருந்தால், கோரிக்கை கடல் தாண்டி அமெரிக்காவின் வர்ஜீனியா அல்லது டெக்சாஸ் மாநிலத்து மையத்துக்குப் போகும். மீடியாவிக்கி என்ற மென்பொருள் இருப்பது அங்கேதான். மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மானியர் மாணவராக இருந்தபோது பிஎச்பி மொழியில் எழுதிய நிரலுக்கு விக்கிப்பீடியா 2002 ஜனவரியில் மாறியது. அதே ஆண்டு லீ டேனியல் கிராக்கர் அதைத் திருத்தி எழுதினார். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, இ. மயூரநாதன் போன்றோரின் உழைப்பில் வளர்ந்து இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளோடு இதே மென்பொருளில் ஓடுகிறது.

இந்த மென்பொருளுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அது தூங்கி எழுந்ததுபோல் முதலிலிருந்து தொடங்கும். பக்கத்தைக் கொடுத்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். சிதம்பரம் கடைவீதியில் சம்பா சாதமும் கொத்சும் விற்கும் ஒருவர், ஆள் வரும்போதெல்லாம் கடையைத் திறந்து அடுப்பு மூட்டி, பரிமாறியதும் அடுப்பை அணைத்துக் கடையைச் சாத்திவிட்டுப் போனால் எப்படியிருக்கும்? பிஎச்பியின் வழக்கம் அதுதான்.

இணையதளங்களைக் கட்ட உதவும் பிரேம்வொர்க்குகள் எல்லாம் இப்படியில்லை. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து 2005இல் வெளியான ஜாங்கோ, ஜாவா உலகின் ஸ்பிரிங் போன்றவை சர்வர் கிளம்பும்போது ஒருமுறை தயாராகி, பிறகு விழித்தபடியே வரிசையாகக் கோரிக்கைகளைக் கவனிக்கும். அது வேகம். ஆனால் எங்கோ ஒரு பிழையில் நினைவகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால், நாள்கணக்கில் சேர்ந்து ஒருநாள் சர்வரையே படுக்க வைத்துவிடும். மறந்துபோகும் மென்பொருளில் ஒரு கோரிக்கையின் குளறுபடி பெரும்பாலும் அந்தக் கோரிக்கையோடு ஒழிந்தது. எந்தச் சர்வரும் எதையும் மனத்தில் வைத்திருக்காததால், கூட்டம் கூடினால் இன்னும் பத்து சர்வரைச் சேர்த்துக்கொள்வதும் எளிது. மறதியை இவ்வளவு லாபகரமாகப் பயன்படுத்திய துறை வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

விழித்ததும் மீடியாவிக்கி என்ன செய்கிறது? முதலில் அமைப்புக் கோப்பைப் படிக்கிறது: இது எந்த மொழி விக்கி, டேட்டாபேஸ் எங்கே, எந்தெந்தத் துணை நிரல்கள் வேண்டும் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். பிஎச்பி நிரல் கணினிக்குப் புரியும் வடிவில் ஏற்கெனவே நினைவகத்தில் பெயர்த்து வைக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கினாலும் அரிச்சுவடியிலிருந்து படிக்க வேண்டியதில்லை. தேவையான பகுதிகளையும் கேட்கும்போதுதான் உருவாக்கும். படிக்க மட்டும் வந்தவருக்காகப் படமேற்றும் கருவியை எழுப்புவானேன்?

அடுத்தது, வந்தவர் யார், கேட்டது எது. குக்கியைப் பார்த்து ஆளை அடையாளம் காண்கிறது. தலைப்பின் முன்னொட்டைப் பார்த்து வழி பிரிக்கிறது: ‘பேச்சு:’ என்றால் உரையாடல் பக்கம், ‘சிறப்பு:’ என்றால் எழுதிவைத்த கட்டுரை ஏதுமில்லை, நிரலே அந்தக் கணத்தில் தயாரிக்கும் பக்கம். தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே தீர்கிறது. சிதம்பரத்துக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடத்தின் முதலெழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக, அல்லது இரண்டும் சேர்ந்த ஒரே குறியீடாக. திரையில் வித்தியாசம் தெரியாது. கணினிக்கோ அவை இரண்டு வேறு சொற்கள். மீடியாவிக்கி வாசலிலேயே இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். இல்லாவிட்டால் ஒரே ஆற்றுக்கு இரண்டு கட்டுரைகள் முளைத்திருக்கும்.

பிறகு டேட்டாபேஸில் கட்டுரையின் கடைசிப் பதிப்பைத் தேடுகிறது. ஆசிரியர்கள் எழுதியது விக்கிக் குறியீட்டில் இருக்கும். அதை உலாவிக்குப் புரியும் எச்டிஎம்எல்லாக மாற்றுவதுதான் ஆகச் செலவான வேலை. நூற்றுக்கணக்கான மேற்கோள்களும், பல பக்கங்களுக்குப் பொதுவான வார்ப்புருக்களும் கொண்ட பக்கத்துக்குப் பல விநாடிகள் பிடிக்கும். அதனால் ஒருமுறை மாற்றியதைத் தனிக் கிடங்கில் சேமித்து வைக்கிறார்கள்.

அந்தக் கிடங்கும் கைவிட்ட நாள் ஒன்று உண்டு. 2009 ஜூன் 25 அன்று மைக்கேல் ஜாக்சன் இறந்தார். உலகமே அவரது பக்கத்தைத் திறந்தது. அதே நேரத்தில் பலர் அதைத் திருத்திக்கொண்டும் இருந்தார்கள். ஒவ்வொரு திருத்தமும் சேமித்த வடிவத்தைச் செல்லாததாக்கியது. உடனே காத்திருந்த ஒவ்வொரு கோரிக்கையும் அந்த நீண்ட பக்கத்தைத் தானே மாற்றத் தொடங்க, ஒரே வேலையை எண்ணற்ற சர்வர்கள் ஒன்றையொன்று அறியாமல் செய்து மூச்சுத் திணறின. மறதிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுமில்லை என்ற குறை அன்று அம்பலமானது. இதற்குத் தீர்வாக வந்ததுதான் பூல்கவுண்டர். ஒருவர் ஒரு பக்கத்தை மாற்றிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் பொறுத்திருந்து அதன் விளைவை எடுத்துக்கொள்ள வேண்டும். காத்திருப்போர் அளவுக்கு மீறினால் பழைய பதிப்பைக் கொடுத்து அனுப்பிவிடும். ஆருத்ரா தரிசனத்தன்று எல்லோரும் ஒரே நேரத்தில் நடராசர் கோயில் பக்கத்தைத் திறந்தாலும் சர்வர் தாக்குப்பிடிப்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

எழுத வருபவரின் பாதை வேறு. பிச்சாவரம் பக்கத்தில் ஒரு தகவலைத் திருத்தி ஒருவர் சேமிக்கும்போது எந்தக் கேஷும் உதவாது. கோரிக்கை நேராக முதன்மை டேட்டாபேஸ் இருக்கும் மையத்துக்கே போக வேண்டும். பிஎச்பி நிரலை ஓட்டுவதற்காக ஃபேஸ்புக் உருவாக்கிய எச்எச்விஎம் என்ற பொறிக்கு விக்கிமீடியா 2014இல் மாறியபோது, இப்படிச் சேமிக்கும் வேகம் சுமார் இரண்டு மடங்கானது. பிஎச்பியும் பின்னாளில் வேகமெடுத்துவிட, 2019இல் விக்கிமீடியா பழைய வீட்டுக்கே திரும்பியது.

சேமித்ததும் புதிய பதிப்பு பதிவாகிறது. சிங்கப்பூர் முதலிய இடங்களில் உள்ள பழைய நகலை நீக்கச் சொல்லிச் செய்தி போகிறது. அவசரமில்லாத வேலைகளைப் பதில் அனுப்பிய பிறகு முடித்துக்கொள்கிறார்கள், அல்லது தனி வரிசையில் போட்டுவைக்கிறார்கள். கடலூர் மாவட்ட ஊர்களைப் பட்டியலிடும் வார்ப்புரு ஒன்றில் ஒரே ஒரு பெயரைச் சேர்த்தால்கூட, அதைப் பயன்படுத்தும் எல்லா ஊர்ப் பக்கங்களும் புதுப்பிக்கப்பட வேண்டும். அவை அந்த வரிசையில் நின்று ஒவ்வொன்றாக மாறும். அதுவரை நெய்வேலிப் பக்கத்தில் புதிய பட்டியலும் விருத்தாசலம் பக்கத்தில் பழைய பட்டியலும் இருக்கக்கூடும்.