ஸ்கிரிப்ட் வராவிட்டாலும் கல்லா திறக்கட்டும்

போத்தனூரில் ரயிலேறிப் பாலக்காடு பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், வாளையார் காட்டருகே சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அந்த நேரம் பார்த்து ஒருவர் போனில் கிரைண்டர் ஆர்டர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படம், விலை, 'பணம் செலுத்து' பட்டன் எல்லாம் வந்துவிட்டன. பின்னால் வரவேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு மட்டும் வரவில்லை. எத்தனை முறை அமுக்கினாலும் பட்டன் அசையாது. அவர் புகார் சொல்லப் போவதில்லை. பேசாமல் வேறு கடைக்குப் போய்விடுவார்.

"ஸ்கிரிப்டை யாருங்க அணைச்சு வெக்கிறாங்க?" என்று வெப்சைட் செய்து தருகிறவர்கள் கேட்பார்கள். அணைப்பவர்கள் குறைவுதான். பிரிட்டன் அரசு தன் இணையதளத்தில் 2013இல் கணக்கெடுத்தது. வந்தவர்களில் 1.1 சதவீதம் பேருக்கு ஸ்கிரிப்ட் ஓடவில்லை. தாங்களே அணைத்தவர்களும் ஸ்கிரிப்ட் தெரியாத பிரவுசர் வைத்திருந்தவர்களும் சேர்ந்தே 0.2 சதவீதம்தான். மற்றவர்களுக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

இதற்கு வழி பழசு. 1995இல் ஜாவாஸ்கிரிப்ட் வருவதற்கு முன்பே வலைப்பக்கத்தில் படிவம் இருந்தது. பெயர், விலாசம் எழுதி அமுக்கினால் பிரவுசரே அதை சர்வருக்கு அனுப்பிவிடும். முதலில் கடையை இந்தப் படிவத்தின் மேல் கட்டவேண்டும். சொகுசெல்லாம் அப்புறம்.

641023 என்று பின்கோடு போட்டதும் கூரியர் கட்டணம் தானாக மாறுவது அழகுதான். பக்கத்தில் 'கணக்குப் போடு' என்று சாதாரண பட்டனும் இருந்தால், ஸ்கிரிப்ட் இல்லாதபோது சர்வர் கூட்டிச் சொல்லும். எப்படியும் கடைசித் தொகையை சர்வர்தான் கூட்டவேண்டும். வாங்குபவரின் போன் கூட்டியதை நம்பிப் பில் போடுவது, வாடிக்கையாளர் கையில் பில் புத்தகத்தைக் கொடுப்பது மாதிரி. பயந்துபோய் இரண்டு தரம் அமுக்குகிறவர்களுக்காகப் படிவத்துக்குள் ஓர் ஆர்டர் எண்ணை ஒளித்து வையுங்கள். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பழைய ஆர்டரையே காட்டட்டும்.

சிக்கல் பணம் வாங்கும் இடத்தில்தான். ஸ்கிரிப்டால் திறக்கும் குட்டி ஜன்னலைத்தான் பேமெண்ட் கேட்வேக்காரர்கள் பெரும்பாலும் முதலில் காட்டுவார்கள். வாங்குபவரைத் தங்கள் பக்கத்துக்கே அனுப்பிவைக்கும் முறை உண்டா என்று கேட்டு வாங்குங்கள். அந்தப் பக்கமும், ஓ.டி.பி. கேட்கும் வங்கியின் பக்கமும் ஸ்கிரிப்ட் கேட்டால் நாம் ஒன்றும் செய்யமுடியாது. அதனால் அங்கே அனுப்பும் முன்பே ஆர்டரைப் பதிந்துவிடவேண்டும். பணம் வராமல் திரும்பி வந்தவருக்கு, பொருள் வந்ததும் காசு கொடுக்கும் வழியைக் காட்டலாம். யு.பி.ஐ.க்கு இன்னும் சுலபம். போனில் ஆப்பைத் திறக்க ஒரு வெறும் லிங்க் போதும். கம்ப்யூட்டரில் பார்ப்பவருக்கு க்யூ.ஆர். கோடைப் படமாகவே சர்வர் அனுப்பிவிடலாம். கீழே 'பணம் வந்ததா, பார்' என்று ஒரு பட்டன்.

சோதிக்கப் பெரிய ஆள் வேண்டாம். குரோமில் தள அமைப்புகளுக்குள் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு, உங்கள் கடையில் நீங்களே ஒரு பொருள் வாங்கிப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் நிற்கிறதோ அதைப் படம் பிடித்து, வெப்சைட் செய்து தந்தவருக்கு அனுப்புங்கள்.