கிள்ளான் கடைக்கும் பிரிக்பீல்ட்ஸ் கடைக்கும் நடுவே

உங்களுக்குக் கிள்ளானில் ஒரு கடையும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம்மில் பலருக்கு ஒரு கடைகூட இல்லை என்பது வேறு விஷயம்! ஆனால் அத்தகைய கடைகளில் கணக்கெழுதும் பிள்ளைகள் நம் தோட்டத்து வீடுகளில் இருக்கிறார்கள். ஆகவே இது நமக்கும் உரிய செய்திதான்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இந்த இரண்டு ஊர்களிலும் துணிக்கடை வைத்திருக்கிறார். பிரிக்பீல்ட்ஸ் கணினியில் உள்ள கணக்கைக் கிள்ளானிலிருந்து பார்ப்பதற்காக, தெரிந்த பையன் ஒருவன் அந்தக் கணினியை வெளியிலிருந்து இயக்கும் வாசலை இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்துவிட்டான். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒருநாள் காலையில் கணக்கு முழுவதும் பூட்டப்பட்டு, பணம் கேட்டுத் திரையில் ஒரு கடிதம் நின்றது. தவணைக்குத் துணி எடுத்தவர் யார், பாக்கி எவ்வளவு, தையற்காரப் பெண்கள் ஏழு பேருக்குக் கூலி எவ்வளவு, எதுவும் தெரியவில்லை. அவர் பணம் கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முந்தைய நகல் ஒன்று கிடைத்தது. மீதியை அவர் மனைவியும் தாயாரும் ரசீதுப் புத்தகங்களைப் புரட்டி இரவிரவாக எழுதினார்கள்.

அதன் பிறகு அவருக்காக நான் விசாரித்து அறிந்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

தொலைபேசி நிறுவனத்திடம் இரு கடைகளுக்கும் இடையே தனித்தடம் வாடகைக்கு எடுக்கலாம். வங்கிகள் நெடுங்காலம் இப்படித்தான் செய்துவந்தன. வேகம் நிலையாக இருக்கும். பழுதானால் குறித்த நேரத்தில் சரிசெய்ய ஒப்பந்தமும் உண்டு. வாடகைதான் சிறு கடைக்குத் தாங்காது. பலர் அறியாத சங்கதி ஒன்றும் இதில் உண்டு. தனித்தடம் என்றால் பிறர் செய்தி அதில் கலவாது என்றுதான் பொருள். நம் செய்தி பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள் அன்று. ‘எம்.பி.எல்.எஸ்.’ என்று விற்கப்படுவதும் அப்படியே. பூட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மற்றொன்று வி.பி.என். சம்பளப் பணத்துக்கென்று பட்டணத்திலிருந்து தோட்டம்வரை யாராவது தனிச் சாலை போடுவார்களா? பொதுச் சாலையில்தான் பணம் வரும். ஆனால் இரும்புப் பெட்டியில் பூட்டி வரும். சாவி அங்கே ஒன்று, இங்கே ஒன்று. அதுபோல, சாதாரண இணைய இணைப்பிலேயே இரு கடைகளின் ரௌட்டர் பெட்டிகளும் தமக்குள் பூட்டிப் பேசிக்கொள்ளும். இரண்டு மூன்று கடை உள்ளவர்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. (கைப்பேசியில் படம் பார்க்க விளம்பரம் செய்கிறார்களே, அந்த வி.பி.என். வேறு. அது கடைகளை இணைக்காது.)

வாங்கும்போது ஐபிசெக் அல்லது வயர்கார்டு முறை இருக்கிறதா என்று கேளுங்கள். பி.பி.டி.பி. என்ற பழைய முறையை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் வழக்கமாகப் பயன்படும் கடவுச்சொல் பூட்டை 2012-லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். இரு கடைகளின் ரௌட்டர்களும் ஒரே உள்முகவரி வரிசையில் இருந்தால் தடுமாற்றம் வரும். ஒன்றை மாற்றிவிட வேண்டும். ஒரு கடைக்காவது வெளியிலிருந்து எட்டக்கூடிய பொது முகவரி உண்டா என்று இணைய நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் நல்லது.

பூட்டு நன்றாக இருந்தும் சாவி தொலைந்தால்? 2021 ஏப்ரல் இறுதியில் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எண்ணெய்க் குழாய் நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய வி.பி.என். கணக்கின் வழியாகத்தான். கடவுச்சொல் ஒன்றே காவல். இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. எண்ணெய்க் குழாய் பல நாள் நின்றது. நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்தது.

நம் நாட்டிலும், பெருந்தீங்கு விளையக்கூடிய வகையில் வாடிக்கையாளர் விவரம் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

இப்போது என் மாணவரின் இரு கடைகளும் வி.பி.என்.னில் பேசிக்கொள்கின்றன. சென்ற மாதம் அவரைப் பார்த்தபோது, “வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளையின் பெயரை அதிலிருந்து எடுத்துவிட்டாயா?” என்று கேட்டேன். “எடுக்கணும் சார்” என்றார். தேநீர் ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று, அங்கேயே பழுது பார்ப்பவரைத் தொலைபேசியில் கூப்பிட வைத்தேன்.