பழைய ஏழு இருக்கை எஸ்யூவி வாங்கப் போறீங்களா? முதலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்

தீபாவளிக்குக் கிள்ளானிலிருந்து சுங்கைப் பட்டாணி. பள்ளி விடுமுறைக்குக் கேமரன்மலை. அம்மா, அப்பா, பாட்டி, அக்கா பிள்ளைகள், துணிப் பைகள், முறுக்கு டின்கள். எல்லாரும் கிளம்ப இரண்டு கார் வேண்டும். இரண்டு டோல், இரண்டு பெட்ரோல் செலவு.

"பேசாம ஒரு பெரிய வண்டி வாங்கிடலாமே?" என்ற பேச்சு பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது. புது வண்டியின் விலையைப் பார்த்ததும் பேச்சு செகண்ட் ஹேண்ட் பக்கம் திரும்பிவிடும்.

அதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் விளம்பரத்தில் '7 இருக்கை' என்று இருப்பதும், ஏழு பேர் நான்கைந்து மணி நேரம் நிம்மதியாகப் பயணம் செய்வதும் ஒன்றல்ல. வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

யார் எங்கே உட்காருவார்கள்?

பிராண்டைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். ஓட்டுபவர் யார், முன்னால் யார், நடுவில் யார், கடைசி வரிசையில் யார்?

பெரும்பாலான எஸ்யூவிகளில் கடைசி வரிசை பிள்ளைகளுக்குத்தான் சரிப்படும். தரை உயரமாக இருப்பதால் பெரியவர்கள் முழங்காலைத் தூக்கி வைத்துத்தான் உட்கார வேண்டும். முழங்கால் வலியுள்ள பாட்டியை அங்கே அனுப்ப முடியாது.

பிள்ளைகளைப் பின்னால் அனுப்பலாம் என்றால், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தனியார் கார்களில் சிறு பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கை கட்டாயம். அதைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பல வண்டிகளில் நடு வரிசையில் மட்டுமே இருக்கும். நடு வரிசையில் குழந்தை இருக்கையைப் பூட்டிவிட்டால் அந்தப் பக்க இருக்கையை மடக்க முடியாது. பிறகு கடைசி வரிசைக்கு எப்படிப் போவது?

அதனால்தான் நடுவில் தனித்தனியாக இரண்டு இருக்கைகள் உள்ள ஆறு இருக்கை வண்டி சில குடும்பங்களுக்கு ஏழு இருக்கை வண்டியைவிட அதிக வசதியாக இருக்கும். நடுவில் உள்ள வழியாகவே பின்னால் போய்விடலாம். மஸ்டா சிஎக்ஸ்-8, புரோட்டோன் எக்ஸ்90 இரண்டிலும் ஆறு இருக்கை வகை உண்டு.

அடுத்தது பைகள். ஏழு இருக்கைகளையும் நிமிர்த்தினால் பல வண்டிகளில் பின்னால் மிஞ்சுவது ஓரிரு சிறிய பைகளுக்கான இடம்தான். ஏழு பேரின் இரண்டு நாள் துணி அதில் அடங்காது. வண்டி பார்க்கப் போகும்போது உங்கள் வீட்டுப் பெட்டிகளையே எடுத்துப் போங்கள். வெட்கப்பட வேண்டாம்.

எந்த வகை எஸ்யூவி?

பெரிய எஸ்யூவிகளைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பிக்-அப் லாரியின் இரும்புச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. டொயோட்டா ஃபார்ச்சூனர், மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட், இசூசு எம்யூ-எக்ஸ் ஆகியவை இந்த வகை. முரட்டுத்தனமாக உழைக்கும். எஸ்டேட் மண்சாலையிலும் கவலை இல்லை. ஆனால் ஏறுவதற்கு உயரம் அதிகம். நெடுஞ்சாலையில் கொஞ்சம் ஆடும். பின்னால் இருப்பவர்களுக்கு அந்த ஆட்டம் நன்றாகவே தெரியும்.

இரண்டாவது வகை, சாதாரணக் காரைப் போல உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகக் கட்டப்பட்டவை. நிசான் எக்ஸ்-டிரேயில், சிஎக்ஸ்-8, எக்ஸ்90 போன்றவை. நெடுஞ்சாலையில் அமைதியாக ஓடும், ஏறி இறங்குவதும் எளிது. உங்கள் பயணம் பெரும்பாலும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில்தான் என்றால் இந்த வகையே போதும்.

பெரோடுவா அருஸ், டொயோட்டா ரஷ் போன்ற 1.5 லிட்டர் வண்டிகளின் விலை குறைவு, பராமரிப்பும் எளிது. ஆனால் ஏழு பேரையும் பைகளையும் ஏற்றிக்கொண்டு தாப்பாவிலிருந்து கேமரன்மலை ஏறும்போது எஞ்சின் சிரமப்படும். முன்னால் போகும் லாரியை முந்துவதற்குப் பொறுமை வேண்டும்.

டீசலா, பெட்ரோலா?

"டீசல் வண்டின்னா செலவு மிச்சம்" என்று பெரியவர்கள் சொல்வது ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசலுக்கான பொது உதவித்தொகை நீக்கப்பட்டது. லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டாக இருந்த விலை ஒரே நாளில் 3.35 ரிங்கிட் ஆனது. 60 லிட்டர் நிரப்பினால் 72 ரிங்கிட் கூடுதல். அதன்பின் விலை சந்தை நிலவரத்துக்கு ஏற்ப மாறுகிறது.

பெட்ரோலின் நிலை வேறு. 2025 செப்டம்பர் 30 முதல் மலேசியக் குடிமக்களுக்கு புடி95 திட்டத்தில் ரோன்95 லிட்டருக்கு 1.99 ரிங்கிட் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு மாதாந்தர வரம்பு உண்டு.

டீசல் எஞ்சினுக்கு இழுவை அதிகம், லிட்டருக்குக் கூடுதல் தூரமும் ஓடும். ஆகவே மாமா சொன்ன பழைய கணக்கை நம்பாமல், நீங்கள் மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று பார்த்து அன்றைய விலையில் கணக்குப் போடுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது

"ஒரே ஓனர், ஆக்சிடென்ட் இல்ல, வெள்ளத்துல போகல." எல்லா விற்பனையாளர்களும் இதைச் சொல்வார்கள். நீங்களே சோதித்துப் பாருங்கள்.

• வெள்ளம்: 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. இருக்கைவாரைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா? கடைசி வரிசையின் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, உள்ளே ஈர வாடை இருந்தால் நடையைக் கட்டுங்கள்.

• மைலேஜ்: மீட்டரில் உள்ள எண்ணைக் குறைக்க முடியும். மிதி ரப்பர் தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளத்து, மீட்டரில் மட்டும் 60,000 கிலோமீட்டர் என்றால் சந்தேகப்படுங்கள். சர்வீஸ் பதிவுகளைக் கேளுங்கள்.

• ஏர்பேக்: தகாத்தா ஏர்பேக் கோளாறால் உலகம் முழுவதும் பல பிராண்டு கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. மலேசியாவிலும் உயிர்கள் போயிருக்கின்றன. அந்தப் பிராண்டின் இணையப்பக்கத்திலோ சேவை மையத்திலோ சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், மாற்றப்பட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும். மாற்றுவது இலவசம்.

• டயர்: டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் பழையதாக இருக்கலாம்.

• ஏர்கோன்: வெயில் நேரத்தில் போங்கள். கடைசி வரிசையில் 15 நிமிடம் உட்காருங்கள். அங்கே காற்று வருகிறதா?

• கியர்: நெரிசலிலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டிப் பாருங்கள். கியர் மாறும்போது உதறினாலோ, எஞ்சின் கத்தியும் வேகம் ஏறாவிட்டாலோ கவனம்.

புஸ்பாகோம் தாள் போதுமா?

பெயர் மாற்றத்துக்கு பி5 சோதனை, வங்கிக் கடனுக்கு பி7 சோதனை. "புஸ்பாகோம் பாஸ் ஆயிடுச்சு" என்றதும் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அந்தத் தாள் அவசியம்தான். ஆனால் கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

முன்பணம் கட்டுவதற்கு முன், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவு இல்லை. பட்டறைக்குக் கொண்டுபோக விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அதுவே உங்களுக்கான பதில்.

விலையோடு செலவு முடிவதில்லை

வண்டி பழசாகி விலை இறங்கினாலும் அதன் உதிரிபாகங்களின் விலை இறங்காது. பெரிய வண்டிக்குப் பெரிய டயர், பெரிய பிரேக், அதிக எஞ்சின் எண்ணெய். சாலை வரியும் எஞ்சின் கொள்ளளவுக்கு ஏற்ப உயரும். கையில் இருப்பதை எல்லாம் முன்பணமாகக் கட்டிவிடாதீர்கள். விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டு பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். அது முடியவில்லை என்றால் அந்த வண்டி உங்கள் பட்ஜெட்டுக்கு மேல் என்று பொருள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஏழு பேரும் சேர்ந்து போவது ஆண்டுக்கு எத்தனை முறை? தீபாவளிக்கும் ஒரு விடுமுறைக்கும் மட்டும்தான் என்றால், அந்த நாள்களுக்கு எம்பிவி வாடகைக்கு எடுப்பது மலிவாக முடியலாம். மாதத்துக்கு ஒரு முறையாவது எல்லாரும் கிளம்புகிறீர்கள் என்றால் பெரிய வண்டிக்கு அர்த்தம் உண்டு.

வாங்கியபின் ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஓர் ஆளுக்கு ஓர் இருக்கைவார். பின் இருக்கைக்கும் அது 2009 முதலே சட்டம். "பக்கத்துலதானே, மடியில வச்சுக்கலாம்" என்று எட்டாவது ஆளை ஏற்றினால், பெரிய வண்டி வாங்கியதன் பயனே இல்லாமல் போய்விடும்.

இந்த வாரம் வண்டி பார்க்கப் போகிறீர்களா? பாட்டியையும் கூட்டிட்டுப் போங்கள். அவர் ஏறி, உட்கார்ந்து, இறங்கிய பிறகு விலை பேசுங்கள்.